ஆப்பிரிக்காவில் கோகோ குறைந்தால் நமக்கு லாபமா?

கேள்வி இதுதான்: பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் மூன்று ஏக்கர் பாக்குத் தோப்பு இருக்கிறது, நடுவில் ஊடுபயிராகக் கோகோ வைக்கலாமா? பருவநிலை மாற்றத்தால் ஆப்பிரிக்காவில் கோகோ அழிந்துகொண்டு வருகிறது என்கிறார்களே, அப்படியானால் விலை ஏறத்தானே செய்யும், நமக்கு லாபம்தானே?

தம்பி, கோகோ வைக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தை நம்பி வைக்காதீர்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் நீளும், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் இப்போது ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நாலு ஏக்கர் காபி வைத்திருக்கிறேன். அதற்கு முன் 2014லிருந்து 2019 வரை கானாவில், குமாசிக்குப் பக்கத்தில், கோகோ கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் கணக்குப் பார்த்தேன். மூட்டை எடை, ஈரப்பதம், பூஞ்சை பிடித்த விதை எத்தனை என்று வெட்டிப் பார்ப்பது, இதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த விவசாயிகளின் தோட்டத்துக்குப் போவேன், வாழைக்காய் சுட்டுக் கொடுப்பார்கள். அதில் ஒரு பெரியவர் இன்றும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் அந்த விலை ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2022 வரை நியூயார்க் சந்தையில் டன் 2,500 டாலருக்கு அக்கம்பக்கம் கிடந்த கோகோ, 2024 மார்ச்சில் 10,000 டாலரைத் தாண்டியது, டிசம்பரில் 12,000ஐயும் தாண்டியது. இடுக்கிப் பக்கம் காய்ந்த விதை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டது அந்தக் கோடையில்தான். உங்கள் காதுக்கு வந்த விலை அதுவாகத்தான் இருக்கும். உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. 2020-21ல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் எடுத்த கானா, 2023-24ல் சுமார் 5.3 லட்சம் டன்னில் வந்து நின்றது. ஐவரி கோஸ்டில் முந்தைய வருஷம் 22 லட்சம் டன் இருந்தது 18 லட்சத்துக்கும் கீழே போனது. உலகம் முழுக்க கிட்டத்தட்ட 5 லட்சம் டன் பற்றாக்குறை. விலை ஏறாமல் என்ன செய்யும்?

அங்கே என்ன நடந்தது? 2023ல் மழை கொட்டித் தீர்த்தது. கோகோவுக்கு மழை வேண்டும்தான், ஆனால் விடாமல் ஈரம் நின்றால் காய் அழுகல் வந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்: முதல் நாள் காயின் மேல் பழைய பத்து பைசா அகலத்துக்கு ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான், கைவிரலால் துடைத்தால் போய்விடும் போல இருக்கும். மூன்று நாளில் உள்ளங்கை அளவு. இரண்டு வாரத்துக்குள் முழுக் காயும் கறுத்து, மேலே மாவு தூவின மாதிரி வெள்ளை பூத்து, கீழேயும் விழாமல் மரத்திலேயே தொங்கும். அடுத்த மழைத்துளி அதில் பட்டுத் தெறிக்கிற இடத்தில் எல்லாம் புதுப் புள்ளி. தாமிர மருந்து அடிக்கலாம், ஆனால் காலையில் அடித்ததைச் சாயங்கால மழை கழுவிக்கொண்டு போனால் மருந்துக் காசும் கூலியும் மண்ணோடு சரி. அந்தப் பெரியவர் அந்த வருஷம் அனுப்பிய பதிவில் மருந்தடிப்பதையே நிறுத்திவிட்டேன் என்றார்.

அப்புறம் எல் நினோ, பசிபிக் கடல் சூடாகி உலகத்து மழையையே குலைக்கிற சங்கதி. மழை நின்றது. சஹாராவிலிருந்து டிசம்பர், ஜனவரியில் வீசும் ஹர்மட்டான் என்ற வறட்டுக் காற்று எப்போதும் உண்டு, உதடு வெடிக்கும், வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் செம்மண் நிறமாகிவிடும். அதன் பின்னாலேயே 2024 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்காவில் தாங்க முடியாத வெப்பமும் சேர்ந்துகொண்டது. அழுகலுக்குத் தப்பிய மரம் தாகத்தில் மாட்டியது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போட்டுவிட்டு நகர்கிறவர்களை நான் நம்புவதில்லை. மரங்களில் நிறைய கிழட்டு மரங்கள். தண்டு வீக்க வைரஸ் என்று ஒன்று 1930களிலிருந்தே கானாவில் இருக்கிறது, மாவுப்பூச்சி பரப்புவது, மருந்தே கிடையாது, மரத்தை வெட்டுவது ஒன்றே வழி. 1940களில் வெள்ளைக்கார அரசு கட்டாயமாக வெட்டச் சொன்னபோது விவசாயிகள் கொதித்த கொதிப்பு, 1948 அக்ரா கலவரத்துக்கு ஒரு காரணம். போதாததற்குத் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்கள் கோகோ நிலத்தையே வாங்கிப் புரட்டிப் போடுகிறார்கள். இவ்வளவும் ஏற்கெனவே இருந்தது. சர்க்கரை இருக்கிற உடம்பில் காய்ச்சல் வந்தால் எப்படியோ, வெயிலும் மழையும் அந்த மாதிரி வந்து சேர்ந்தன.

கோகோ மரத்தின் குணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்கள் தோப்புக்கும் அது வேண்டும். அமேசான் காட்டுக்குள் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்து பழகின ஜாதி அது. நிழல், ஈரக்காற்று, வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் பரவலாக. வெயில் 32 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் திணறும். கடந்த பத்து வருஷத்தில் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் முதன்மைப் பருவத்தில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்கள் புவி சூடாவதால் மட்டும் வருஷத்துக்கு மூன்று வாரம் அளவுக்குக் கூடியிருக்கின்றன என்று ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வாரம் என்றால் கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது பூ எடுக்கும் வாரமாகவோ பிஞ்சு பிடிக்கும் வாரமாகவோ விழுந்தால்?

பூ என்றதும் ஞாபகம் வருகிறது. கோகோ பூ கிளை நுனியில் பூக்காது, அடிமரத்திலும் தடித்த கிளையிலும் ஒட்டிக்கொண்டு வரும், சட்டைப் பொத்தானை விடச் சிறிசு. நூறு பூவில் ஐந்து கூடக் காயாவதில்லை. தேனீ அதைச் சட்டை செய்யாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு குட்டிக் கொசு இனம்தான் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அது முட்டையிடுவது மரத்தடியில் மக்கிக் கிடக்கிற ஈரச் சருகில். சருகு காய்ந்தால் கொசு இல்லை, கொசு இல்லையென்றால் மரம் முழுக்கப் பூ இருந்தும் காய் இல்லை. பிடித்த பிஞ்சும், மரத்துக்குத் தண்ணீர் போதாவிட்டால், சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகிக் கறுத்துத் தண்டிலேயே காய்ந்து நிற்கும். அந்தப் பெரியவர் ஒரு மரத்தைக் காட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். முப்பத்தொன்று காய்ந்த பிஞ்சு, நாலு காய்.

பூவிலிருந்து அறுவடைக்கு ஐந்தாறு மாதம். அதனால் மே மாதம் பிஞ்சு கருகினால் அக்டோபர், நவம்பரில் கைக்குக் காசு வராது என்பது மே மாதமே தெரிந்துவிடும். நமக்கு நெல்லோ குச்சிக்கிழங்கோ (மரவள்ளி) போனால் அடுத்த பட்டம் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம். இருபது, முப்பது வருஷம் நிற்கிற மரத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன மாற்றிப் போடுவார்?

சரி, விளைச்சல் பாதியானாலும் விலை நாலு மடங்கு ஆனதே, விவசாயிக்கு லாபம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த இரண்டு நாடுகளிலும் விவசாயிக்குக் கொடுக்கும் விலையை அரசு வாரியம் பருவத்தின் தொடக்கத்தில் அறிவிக்கும். அந்தப் பருவத்துக் கோகோவில் பெரும்பகுதியை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே விற்றும் விடுவார்கள். விலை சரியும் வருஷத்தில் இது விவசாயிக்குக் குடை, அதை மறுக்கவில்லை. ஆனால் 2023 அக்டோபரில் ஐவரி கோஸ்ட் அறிவித்த விலை கிலோவுக்கு 1,000 பிராங்க், நம்ம பணத்தில் சுமார் 137 ரூபாய். 2024 மார்ச்சில் உலகச் சந்தையில் அதே கிலோ 830 ரூபாய்க்குப் போனபோதும் தோட்டத்தில் கொடுத்தது அதே 1,000 பிராங்க்தான். ஏப்ரலில் 1,500 ஆக்கினார்கள், அக்டோபரில் 1,800. 2025 அக்டோபரில்தான் 2,800 ஆனது. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் சந்தை, உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஏறும்போது விவசாயி கடைசிப் பெட்டியில் ஏறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது குடும்பத்துக்குள் எப்படி இறங்குகிறது என்றால், முதலில் உரம் நிற்கும். அடுத்து கவாத்துக்கு, அதாவது கிளை கழிக்க, ஆள் வைப்பது நிற்கும். கவாத்து இல்லாத மரம் அடர்ந்துபோய் உள்ளே காற்று ஓடாது, அடுத்த மழையில் அழுகல் இன்னும் வேகமாக வரும். ஆக ஒரு வருஷத்து நஷ்டம் அடுத்த வருஷத்து நோய்க்கு வழி விடுகிறது. கூலிக்கு ஆள் வைக்க முடியாத இடத்தில் வீட்டுப் பிள்ளைகள் காய் வெட்டக் கத்தி எடுக்கிறார்கள். நிலம் சொந்தமில்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். அங்கே அபுசா, அபுனு என்று இரண்டு முறை உண்டு, நம்ம ஊர் வாரச் சாகுபடி மாதிரி, விளைச்சலில் பங்கு. அபுசாவில் பாடுபடுகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, அபுனுவில் சரிபாதி. விளைச்சல் பாதியானால் அபுசாக்காரனுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வைரஸ் வந்த மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைக்கச் சொல்வது காகிதத்தில் சுலபம். புதுக்கன்று காய்க்க மூன்று, நாலு வருஷம், அதுவரை அடுப்பு எரிய வேண்டும். அந்த நேரத்தில் தங்கம் தோண்டுகிறவன் மொத்தமாக ஒரு தொகையைக் கையில் வைத்தால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மேலே ஏறிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனையும் உண்டு. இப்போது அங்கே கோகோவுக்கு மிகத் தோதான உயரம் கடல்மட்டத்திலிருந்து 100-250 மீட்டர், 2050 வாக்கில் அது 450-500 மீட்டருக்குப் போய்விடும் என்று 2013ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. ஏறலாம், ஆனால் ஏற மலை வேண்டுமே. அந்தக் கோகோ நாடு பெரும்பாலும் சமவெளி. இருக்கிற மேட்டு நிலம் பல இடத்தில் காடு, காட்டை வெட்டி வைத்த கோகோவை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. காட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் சின்ன விவசாயி தன் நிலம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தோடு நிரூபிக்க வேண்டும், அந்தச் செலவு யார் தலையில் என்பது வேறு பஞ்சாயத்து.

ஏறுகிற கதை எனக்கு இங்கேயே தெரியும். எங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி 1820களில் வந்தது, அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அரபிகா ரகக் காபி குளிர் கேட்கிற பயிர். கீழ்ச் சரிவில் வைத்திருப்பவர்களுக்குத் தண்டு துளைப்பான் பூச்சித் தொல்லை கூடிக்கொண்டே வருகிறது, வெயில் விழுந்த செடியைத்தான் அது தேடிப் பிடிக்கும். இன்னும் மேலே போகலாம் என்றால் சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர், அதற்கு மேல் வானம்தான்.

2024ல் என் காபிக்கு நடந்ததைச் சொன்னால் கானாக்காரர் கதை உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். மார்ச்சில் வர வேண்டிய பூ மழை, செடியைப் பூக்க வைக்கிற மழை, வரவில்லை. ஏப்ரல் கடைசியில் கீழே சேலத்தில் 41 டிகிரியைத் தாண்டியது, மேலே எங்களுக்கே மத்தியானம் வெளியே நிற்க முடியவில்லை. பூ துண்டு துண்டாக, மூன்று நாலு தடவையாகப் பூத்தது, அதனால் ஒரே செடியில் பழமும் பச்சைக்காயும் கலந்து நின்றது, பறிப்புக்கு ஆளை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பழம் சிவந்து பறிக்கிற நேரத்துக்கு ஃபெஞ்சல் புயல். ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றது. மழை விட்டுத் தோட்டத்துக்குள் போனால் பழம் செடியில் இல்லை, சேற்றில் கிடந்தது. களத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த மூட்டைகளைத் திறந்தபோது புளித்த கள் வாசம். அதே சீசனில்தான், பிரேசிலில் மழை பொய்த்ததால், உலகச் சந்தையில் காபி வரலாறு காணாத விலைக்குப் போனது. டீக்கடையில் ஒருவர், உங்களுக்கு என்னப்பா, காபி விலை எங்கேயோ போகுது என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது உங்கள் தோப்புக்கு வருகிறேன்.

விலையை முதலில் தள்ளி வையுங்கள். இன்று கன்று வைத்தால் கணிசமாகக் காய்க்க நாலு வருஷம். குச்சிக்கிழங்குக்கு விலை ஏறின வருஷம் ஊரே குச்சி நட்டு, அடுத்த வருஷம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வாசலில் வரிசையாக லாரி நிற்க, மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்த கதை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். கோகோவிலும் அது நடந்ததுதான், 1980களின் தொடக்கத்தில் விலை விழுந்து கேரளாவில் மரத்தை வெட்டி எறிந்தார்கள். வாங்க ஆளில்லாத அந்தக் காலத்தில் காம்ப்கோ என்ற பாக்கு விவசாயிகளின் கூட்டுறவுதான் கோகோ கொள்முதலில் இறங்கியது, 1986ல் கர்நாடகாவில் உள்ள புத்தூரில் சாக்லேட் ஆலையே கட்டினார்கள். பாக்குக்கு நடுவில் 2.7க்கு 5.4 மீட்டரில் வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 275 மரம். நன்றாகப் பார்த்துக்கொண்டு மரத்துக்கு ஒரு கிலோ காய்ந்த விதை எடுத்தால், ஆயிரம் ரூபாய் விலையில் இரண்டே முக்கால் லட்சம், 250 ரூபாய் விலையில் எழுபதாயிரத்துக்கும் கீழே. இந்தக் கீழ்க் கணக்கில் கட்டுப்படியானால் மட்டும் இறங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் மொத்தக் கேள்வியும் இதுதான். சேலம் மாவட்டத்தில் வருஷத்து மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம், கோகோ கேட்பதில் மூன்றில் இரண்டு பங்கு கூட நிச்சயமில்லை. கோடையில் மரத்துக்கு நாளுக்கு 20 லிட்டர் சொட்டுநீர் என்று வைத்தால் 275 மரத்துக்கு 5,500 லிட்டர், ஒரே ஏக்கருக்கு. பாக்கு குடிப்பது இதில் சேரவில்லை. மூன்று ஏக்கருக்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். பாக்கைக் காப்பாற்றவே லாரித் தண்ணீர் வாங்கிய கோடைகளை நம்ம பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வசிஷ்ட நதியில் தண்ணீர் ஓடுகிற மாதங்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மே மாதத்தை வைத்துப் போடுங்கள்.

தண்ணீர் உண்டு என்றால், முதல் வருஷம் அறுபது மரத்துக்கு மேல் வேண்டாம். தோப்பின் நடுவில் வையுங்கள், மேற்கு ஓரத்தில் வேண்டாம், மாலை வெயிலும் அனல்காற்றும் இலையைக் கருக்கிவிடும். ஒட்டுக்கன்று வாங்கும்போது ஒரே ரகத்தை வாங்காமல் மூன்று நாலு ரகம் கலந்து வாங்குங்கள். பல கோகோ மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, ஒரே ரகத்தை நட்டுவிட்டு, பூ கொட்டுது காய் இல்லை என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். பாக்கு மட்டையையும் கோகோ இலையையும் அள்ளி எரிக்காதீர்கள், மரத்தடியிலேயே மூடாக்காகக் கிடக்கட்டும். ஈரமும் நிற்கும், மேலே சொன்ன குட்டிக் கொசுவுக்கு வீடும் அதுதான். அணிலும் எலியும் காயை ஓட்டை போடும், பழுத்ததைப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்துவிடுங்கள்.

விற்பனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் மாதிரி சுற்றிலும் கோகோ இருக்கிற இடத்தில் ஈர விதையாகவே எடுத்துக்கொள்ள ஆள் வரும். உங்கள் ஊரில் நீங்கள் மட்டும் வைத்தால் நீங்களே புளிக்க வைத்துக் காய வைக்க வேண்டும், ஈர விதை மூன்று கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும். ஐம்பது கிலோவாவது சேர்ந்தால்தான் பெட்டியில் சூடு பிடிக்கும். மூன்றாம் நாள் கையை விட்டுப் பாருங்கள், வைத்திருக்க முடியாத அளவு சுட வேண்டும், காடி வாசம் மூக்கில் ஏற வேண்டும். சூடு இல்லையென்றால் அந்த விதையில் சாக்லேட் வாசம் வராது. அதனால் பக்கத்துத் தோப்புக்காரர் நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டு வைப்பது நல்லது, ஒரே நாளில் பறித்து ஒரே பெட்டியில் போடலாம்.

ஒரு வேலை செய்யுங்கள். வருகிற ஏப்ரல் கடைசி வாரத்தில் உங்கள் போர் விடாமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒரு மணி நேரத்தில் தொட்டியில் எவ்வளவு ஏறுகிறது என்று ஏழு நாள் நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கன்று எங்கே வாங்குவது என்று அதற்கப்புறம் பேசலாம்.